பிஸ்டன்காரியின் ரீபோர் பட்டறை

என்ஜின் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் அதற்குள் பிஸ்டன் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது; அது பிடித்து நின்றுவிட்ட அன்றைக்குத்தான் எங்களைத் தேடி வருவார்கள்.

கோலார் பக்கம், ஆண்டர்சன்பேட்டை பஜாரில் எங்கள் பட்டறை. தேய்ந்துபோன சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து, அந்த அளவுக்குப் புது அலுமினியப் பிஸ்டன் போட்டுக் கொடுப்பது வேலை. முன்பு என் வீட்டுக்காரர் ஏழுமலை மிஷினில் நிற்பார். நான் கல்லாவில் உட்கார்ந்து ரிங், கேஸ்கட் விற்பேன். அவருக்கு முதுகுத் தட்டு விலகி, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, இரண்டு பேரும் இடம் மாறிக்கொண்டோம். நகக்கண்ணில் கிரீஸும், வண்டிக்காரர்களுக்குச் சொல்ல வாயில் சமாதானமுமாகக் காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் சொல்லப்போவதெல்லாம் பழகினதாகத்தான் இருக்கும்.

முதல் ஆட்டோ

நான் மிஷினில் நிற்க ஆரம்பித்த புதிதில், என்ஜின் பிளாக்கைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போனார்கள். திரும்பாமல் நின்றவர் ஆட்டோக்காரர் யூசுப். "அண்ணன் இல்லியா?" என்றார். "இருக்காரு. அளவு அவரு பாப்பாரு, கொடையறது நான்" என்றேன். அவர் ஆட்டோ நின்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சவாரி வேறு ஆளுக்குப் போய்விடும். பிளாக்கை மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

சூடு ஏறினால் இரும்புச் சிலிண்டரைவிட அலுமினியப் பிஸ்டன் சீக்கிரம் உப்பும். இடைவெளி குறைந்தால் பிடித்துக்கொள்ளும். அதிகமானால் ஆயில் குடிக்கும், சத்தம் போடும். அன்றைக்கு ஏழுமலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே மைக்ரோமீட்டரை வைத்து அளந்துகொண்டே இருந்தார், நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்துகொண்டே இருந்தேன். மாட்டி முடித்ததும் யூசுப் என்னையே பின்சீட்டில் உட்காரச் சொல்லி மைசூர் மைன்ஸ் மேட்டில் ஏற்றினார். மேடு முடிகிற வரைக்கும் நான் என்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். திரும்பி வந்து இறக்கிவிடும்போது சொன்னார்: "அக்கா போட்ட பிஸ்டன்னு ஸ்டாண்டுல எல்லாருக்கும் சொல்லப் போறேன். இனிமே சத்தம் வந்துச்சின்னா அவமானம் எனக்குத்தான், பாத்துக்கங்க."

அந்த ஸ்டாண்டு முழுக்க ஒவ்வொருவராக எங்களிடம் வந்தது அவர் வாயால்தான்.

அலுமினிய அண்டா

பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர், ஒரு நாள் காலையில் அலுமினிய அண்டாவோடு வந்து இறங்கினார். அவருடைய பழைய ஸ்கூட்டருக்குப் பிஸ்டன் எங்குமே கிடைக்கவில்லையாம். அண்டாவை உருக்கி ஒன்று வார்த்துக் கொடுக்கச் சொன்னார். "வெள்ளையா கீது, லேசா கீது. ரெண்டும் ஒண்ணுதானே?"

அண்டா வெறும் அலுமினியம், மிருதுவானது, பிஸ்டனுக்குச் சிலிக்கானும் செம்பும் நிக்கலும் கலக்கிறார்கள், அதனால்தான் அந்த நெருப்பில் அளவு கலையாமல் நிற்கிறது, அப்படியும் லேசாக இருப்பதால்தான் என்ஜின் உதறாமல் மேலும் கீழும் ஓடுகிறது என்றெல்லாம் சொன்னேன். பெரியவர் தலையை ஆட்டினார், அண்டாவை மட்டும் விடவில்லை. நான் பெங்களூரில் தெரிந்த பழைய பார்ட்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அந்தப் புண்ணியவான் பரணைக் கிளறி ஒரு பிஸ்டன் எடுத்து அனுப்பியதால்தான் அந்த ஸ்கூட்டர் இன்றைக்கும் ஓடுகிறது. நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோதே பெரியவரின் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினார். யாரோடும் பேசாமல் உள்ளே வந்து, அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னிடம் மட்டும் சொன்னார்: "வண்டி ஓடலன்னா அவரு நடந்து போவாரும்மா. அண்டா இல்லன்னா நான் இன்னாத்துல வெந்நீ காய வெப்பேன்?"

மேனேஜர்

வெளியூரிலிருந்து டெம்போ கொண்டுவந்த ஒருவர், வேலையெல்லாம் என்னிடம் வாங்கிக்கொண்டு, சந்தேகம் மட்டும் ஏழுமலையிடம் கேட்டார். ரிங் இடைவெளி சரியாக இருக்கிறதா, தைரியமாக லோடு ஏற்றலாமா என்று. இவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார்: "அங்க கேளுங்க சார். நான் இங்க மேனேஜரோட வீட்டுக்காரன்."

நாற்பதுக்கு மேல் வேண்டாம்

பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பைக் என்ஜினுக்குப் பிஸ்டன் மாற்ற வந்தார்கள். அவர் எப்போதும் அவசரத்திலேயே இருக்கிற ஆள், பேசுவதுகூடப் பாதிப் பாதியாகத்தான். அந்தப் பெண் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பிஸ்டனை வெந்நீரில் சூடாக்கி, அதன் குறுக்கே போகிற இரும்புப் பின்னை உள்ளே தள்ளினேன். இவ்வளவு சுலபமாகப் போகிறதே என்று அவள்தான் முதலில் கேட்டாள். சூட்டில் பிஸ்டனின் துளை கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்றேன். கிளம்பும்போது எல்லோருக்கும் சொல்கிறதை அவரிடமும் சொன்னேன்: "புது பிஸ்டனும் சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். கொஞ்ச நாளைக்கு நாப்பதுக்கு மேல போவாதீங்க."

ஆயில் மாற்றத் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அந்த அவசரம் இல்லை. பக்கத்து டீக்கடையில் இரண்டு டீ வாங்கி, ஒன்றை முதலில் அவளிடம் கொடுத்தார். மெதுவாக ஓட்ட வேண்டியிருந்ததால் பங்காரப்பேட்டைக்குப் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்களாம். குழந்தை இல்லாத கவலையை அவர் தன்னிடம் வாய்விட்டுச் சொன்னதே அந்தப் பைக்கில்தான் என்று அவள் தனியாக என்னிடம் சொன்னாள். அவர் காசு கொடுக்கப் போன நேரம் பார்த்து என் காதருகே வந்தாள்: "அக்கா, இன்னும் கொஞ்ச நாளைக்கு நாப்பதுலயே ஓட்டணும்னு சொல்லுங்க."

சொன்னேன். என்ஜினுக்கும் அது நல்லதுதான்.

எதிர்க்கடை

டயாலிஸிஸ் நோயாளிகளைக் கோலாருக்குக் கூட்டிப்போகிற வேன் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. வழியில் ரேடியேட்டர் குழாய் வெடித்து, என்ஜின் கொதித்து, பிஸ்டன்கள் இறுகிப்போய்க் காலையில் எங்கள் வாசலுக்கு இழுத்துவந்தார்கள். கூடவே அதில் போகிற சரோஜா டீச்சரும் வந்தார். மறுநாள் அவருடைய முறை. கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. "ஆவுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு பிஸ்டனும் ஒரே எடையில் சேர்ந்த செட்டாக வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் உதறும். பண்டிகை நாள், பெங்களூர்க் கடைகள் மூடிக் கிடந்தன. போன் போட்ட இடத்திலெல்லாம் யாரும் எடுக்கவில்லை. டீச்சர் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலுக்கு வந்து நின்றேன்.

எதிரே இன்னொரு ரீபோர் கடை, கிருஷ்ணப்பாவுடையது. ஒரே தொழில், ஒரே ரோடு. எங்களுக்குள் ரொம்ப நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. நான் கேட்கவில்லை, கேட்கிற தைரியமும் இல்லை. வேனைப் பார்த்தவர் தானாகவே ரோட்டைக் கடந்து வந்தார், கையில் அட்டைப் பெட்டி. வேறு ஒருவருடைய இதே மாதிரி வேனுக்காக வாங்கி வைத்திருந்த செட். அதைக் கொடுத்துவிட்டுப் போகாமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னோடு பிளாக்கையும் தூக்கினார். ஏழுமலை அளக்க, நான் குடைய, அவர் மாட்ட, பொழுது சாய்வதற்குள் வேன் கிளம்பியது. மறுநாள் டீச்சர் கோலாருக்குப் போய் வந்தார். இன்னும் போய் வருகிறார்.

அன்று சாயங்காலம் நான் கையெடுத்துக் கும்பிட்டபோது கிருஷ்ணப்பா "பேடம்மா, வேணாம்" என்று கையைத் தட்டிவிட்டார். "எதிர்க்கடைன்னா ரோட்டுக்கு எதிர்லதாம்மா. அந்த வேன் ரெண்டு கடைக்கும் நடுவுலதானே போவுது."

மொத்தத்தில், இத்தனை பேர் தயவில் ஓடுகிற பட்டறைக்குப் 'பிஸ்டன்காரி' என்று என் பேரை மட்டும் போர்டில் எழுதி வைத்திருப்பது கொஞ்சம் ஜாஸ்திதான்.