மணிக்கோபுரத்தின் முதலாளி

எங்கள் அம்மன் கோவில் மணிக்கோபுரத்தைக் கட்டுவித்தவர் தானே என்று என் ஐயா சொல்வார். இல்லை, தானே என்று அவருடைய தமையன், எங்கள் பெரியையா, சொல்வார். கோபுரம் பாதி எழும்ப முன்னமே இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது. எல்லாம் காளாஞ்சிக்காக. கும்பாபிஷேகம் முடிந்ததும் வெற்றிலையும் தேங்காயும் வைத்த தட்டத்தைக் குருக்கள் திருப்பணி செய்தவர் கையில் ஊர் பார்க்கக் கொடுப்பார். அந்தத் தட்டத்துக்காக இரண்டு பெரிய மனிதர்களும் வெயிலில் நின்று கோபுரம் கட்டிய ஒரே மேசனை விரட்டினார்கள். ஒருவர் ஏறு என்பார், மற்றவர் இறங்கு என்பார்.

ஒருநாள் சாரமரம் முறிந்து மேசன் விழுந்தார். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டுமென்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. அடடா, அதன்பின் எங்கள் குடும்பத்தில் பொங்கிய சகோதர பாசத்தை என்னவென்று சொல்ல! அரசாங்கக் கச்சேரியில் நடந்த விசாரணையில், கோபுரம் முழுக்க அண்ணையுடையது என்றார் ஐயா. தம்பியின் புண்ணியத்தில் தான் பங்கு கேட்பதேயில்லை என்றார் பெரியையா.

உம்மை வேலைக்கு வைத்தது யார் என்று விசாரித்த துரை மேசனிடமே கேட்டார். கோவில் வேலை செய்யும் எவரும் சொல்வதைத்தான் அந்த மனிதரும் சொன்னார்.

“அம்மாளுக்குத்தான் ஐயா செய்தனான்.”

வழக்குப் பேச வந்த இரண்டு பக்கத்துப் பிரக்கிராசிமாரும் துள்ளி எழும்பினார்கள். அப்படியானால் முதலாளி அம்மாள். அவவுக்கு அழைப்பாணை போகவில்லையே! துரை விசாரணையை இன்னொரு நாளுக்குத் தவணை போட்டார். ஐயா வீட்டுக்கு வந்து நிம்மதியாகக் கோப்பி குடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கும்பாபிஷேகத்தன்று குருக்கள் தட்டத்தை ஏந்திக்கொண்டு, கட்டுவித்தவர் வரலாம் என்றார். ஐயாவும் பெரியையாவும் தோளால் இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மேசனின் மனைவி கதைத்தாள்.

“கச்சேரியிலை இவை ரெண்டு பேரும் தாங்கள் இல்லையெண்டு சொன்னவை, ஐயா. அம்மாள்தான் கட்டுவிச்சதாம். தட்டத்தை அவவிட்டையே குடுங்கோ.”

குருக்கள் தட்டத்தைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் அம்மனின் காலடியில் வைத்தார். கட்டுவித்தது யாரென்று கச்சேரி சொல்லட்டும், அவருக்குத் தருகிறேன் என்றார்.

அடுத்த தவணைக்குத் துரை வரமுன்னமே இருவரும் போய் நின்றார்கள். தான்தான் முதலாளி என்றார் ஐயா. வேலை தொடங்க மேசனுக்கு வெற்றிலை கொடுத்தவரே தான் என்றார் பெரியையா. அண்ணை பொய் சொல்கிறார் என்று சத்தியம் செய்யவும் ஐயா ஆயத்தம். துரை இருவருமே முதலாளிகள் என்று தீர்த்து, ஆளுக்குப் பாதி கட்டச் சொன்னார்.

வெளியே வந்ததும், இப்போது சந்தோசமா என்று மேசனிடம் கேட்டேன். மடைத்தனமான கேள்விதான். அவர் கவைத்தடியைக் கக்கத்தில் சரிசெய்துகொண்டார்.

“முதலாளி ரெண்டு பேர் வந்திட்டினம், தம்பி. கால்தான் ஒண்டாப் போச்சு.”