கறுப்பி தின்ற பொங்கல்

மீனம்மா அக்காவின் மாட்டுக்குக் கிடைத்த கவனிப்பு எங்கள் லயத்தில் ஒரு புருசனுக்கும் கிடைத்ததில்லை. உடப்புசல்லாவைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் அவளும் நானும் அடுத்தடுத்த காம்பரா. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நாங்களெல்லாம் காலை நீட்டி உட்காரும் நேரத்தில் அவள் வடிகான் ஓரம் குனிந்து புல்லறுத்துக்கொண்டிருப்பாள். மருந்தடித்த மலைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். மழையில் நனைந்த புல்லை வாட விட்டுத்தான் போடுவாள். தவிட்டையும் புண்ணாக்கையும் பால்மா டின்னால் அளந்து வைப்பாள். காலையில் எழுந்ததும் முதலில் சாணியைத்தான் பார்ப்பாள். இறுகியிருந்தால் தண்ணீர் போதவில்லை, இளகியிருந்தால் நேற்றுப் போட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று அதற்கொரு விளக்கம் வைத்திருப்பாள். "சாணி ஜோசியக்காரி" என்று கேலி செய்வோம். அவள் சிரிப்பாள். போன ஈற்றில் கறுப்பி வேளைக்கு ஆறு போத்தல் கறந்தது, வேறென்ன பேச்சு வேண்டும்? மகள் சர்மிளா கினிகத்தேனைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு, அவள் பேசுவதும் ஏசுவதும் கறுப்பியிடம்தான்.

எங்கள் லயத்தில் பதினெட்டுக் குடும்பம். முன்பு வீட்டுக்கு வீடு மாட்டுப்பட்டி இருந்தது. இப்போது இருப்பது கறுப்பி ஒன்றுதான். மாட்டுப் பொங்கலுக்குப் பதினெட்டு வீட்டுப் பொங்கலும் அந்த ஒரு வாய்க்குத்தான் போகவேண்டும். அதனால் இந்த வருசம் அக்கா முதல்நாளே வாசல் வாசலாகப் போய்ச் சொன்னாள்.

"ஆளுக்கு ஒரு கைதாங்க. அதுக்கு மேல குடுத்துறாதீங்க. வயித்துல ஏழு மாசக் கன்னு இருக்கு."

சொல்லிவிட்டு மறுநாள் காலை பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, அப்படியே கொழுந்து பறிக்க மலை ஏறிவிட்டாள். எனக்கு அன்று வேலைக்குப் போகிற எண்ணமில்லை. பட்டிப்பொலவிலிருந்து அண்ணன் குடும்பம் வருவதாகச் சொன்னதை நம்பி, இரண்டு கிலோ அரிசியில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தேன். வரவில்லை. எல்லார் வீட்டிலும் பொங்கல் இருக்கிற நாளில் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? சோற்றைக் கொட்டவும் மனம் வரவில்லை. பசுவுக்குப் போட்டால் புண்ணியம் என்று பானையோடு பட்டிக்குப் போனேன். கறுப்பி நக்கி நக்கித் தின்றதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோசம். பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை அக்கா போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. ஓடினேன். கறுப்பியின் இடது வயிறு உப்பிப் போயிருந்தது. அசை போடவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. கஞ்சி மாதிரிக் கழிந்து, பட்டியெல்லாம் புளித்த நாற்றம்.

"யாரு என்ன குடுத்தீங்க?" அக்கா ஒவ்வொருத்தராகக் கேட்டாள். ஒரு கைதான், ஒரு கைதான் என்றார்கள். என் முறை வந்தது.

"ஒரு கைதான் அக்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். பதினெட்டு வீட்டுக்காரர்களும் சுற்றி நிற்கிறார்கள். மாடு செத்தால் அந்தப் பாவம் என் தலையில் விடியும் என்ற பயம்.

எட்டு மணிக்கு அக்கா மாட்டு டொக்டருக்குப் போன் போட்டாள். சிங்களவர், ஆனால் எங்களோடு தமிழில்தான் பேசுவார். என்ன தின்றது என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"எப்பவும் போடுற புல்லுதாங்க டொக்டர். நேத்து பொங்கல்ல ஆளுக்கு ஒரு கை குடுத்தாங்களாம்."

"அது பரவாயில்ல. வாயுவா இருக்கும். எண்ணெய் குடுங்க, கொஞ்சம் நடக்க வைங்க. நான் பகல் வாறேன்."

எண்ணெய் கொடுத்தாள். நடத்தினாள். கறுப்பி குடிகாரன் மாதிரித் தள்ளாடியது. நான் கூடவே நடந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. கறுப்பியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு டொக்டர் பட்டிக்குள் நுழைந்தபோது கறுப்பி முன்னங்கால் மடங்கி விழுந்தது. கண் உள்ளே போயிருந்தது. அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், சாணியை முகர்ந்து பார்த்தார்.

"இது புல்லு இல்ல. சோறு. நிறையச் சோறு. எவ்வளவு?"

"ஒரு பானை" என்றேன். "ரெண்டு கிலோ அரிசி. நான்தான் குடுத்தேன்."

அதற்குப் பிறகு சுற்றி நின்றவர்களில் ஒவ்வொரு வாயாகத் திறந்தது. நாகலெட்சுமி ஒரு சட்டி. தம்பையா வீட்டில் மூன்று இலை. ஒரு கை என்று சொன்ன ஒருத்தரும் ஒரு கையோடு நிற்கவில்லை. அக்கா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

டொக்டர் குழாயை வயிற்றுக்குள் விட்டுக் கழுவிக்கொண்டே அக்காவிடம் சொன்னார். மாட்டு வயிறு புல்லுக்குப் பழகினது. திடீரென்று அவ்வளவு சோறும் சர்க்கரையும் விழுந்தால் ஆப்ப மாவு மாதிரிப் புளித்துவிடும். அந்தப் புளிப்பு இரத்தத்தில் ஏறினால் மாடு எழும்பாது. ஆப்பச்சோடாவைக் கரைத்துப் புகட்டினார், நரம்பில் சேலைன் ஏற்றினார். கை கழுவும்போது என் பக்கம் திரும்பினார்.

"காலையில சொல்லியிருந்தா நான் அப்பவே வந்திருப்பேன். தாய எழுப்பலாம். கன்னு பத்தி எனக்குத் தெரியாது."

மூன்றாம் நாள் கறுப்பி எழுந்து காய்ந்த புல்லைக் கடித்தது. மத்தியானம் மெதுவாக அசை போட்டது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. விடிந்தால் அவள் பட்டிக்குப் போகும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

ஒன்பதாம் நாள் கறுப்பி கன்றைப் போட்டுவிட்டது. மயிர் முளைத்த கிடேரிக் கன்று, உயிரில்லை. பட்டிக்குப் பின்னால் குழி வெட்டினோம். மண்ணைத் தள்ளி முடித்துவிட்டு அக்கா நிமிர்ந்தாள்.

"டொக்டர் போன்ல கேக்குறப்ப நீ என் பக்கத்துலதான நின்ன, ரத்னா?"

"ஆமாக்கா."

அவள் புல்லறுக்கக் கத்தியையும் சாக்கையும் எடுத்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக, பட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனாள்.