இன்னாசி எப்படி என்னசி ஆனார்?

போன புதன்கிழமை காலை. பல் துலக்கி முடிக்கவில்லை, போன்.

"சார், எங்கப்பா பேரு போச்சு," என்றார் ஸ்டெல்லா.

அப்பா பேரை யார் கெடுத்தார்கள்? வாயில் நுரையோடு கேட்டேன்.

"இன்னாசினு இருந்தது. என்னசினு ஆயிடுச்சு. தீசிஸ்ல முதல் பக்கத்துலயே. உள்ள அதைவிட மோசம். செங்கல்பட்டு வர முடியுமா?"

ஸ்டெல்லா கருங்குழிக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள். இவர் நெம்மேலிப் பக்கம், கடலோர ஊர் ஒன்றில் தமிழ் டீச்சர். வயது நாற்பத்திரண்டு. ஆறு வருஷமாகப் பகுதிநேர ஆய்வாளர். அதாவது பள்ளிக்கூடம் போக, குடும்பம் போக, ஞாயிற்றுக்கிழமைப் பூசை போக, மிஞ்சிய நேரத்தில் முனைவர் பட்டம். நானும் கதை எழுதுகிறவன் என்பதால், இந்த வட்டாரக் கதைகளில் பேச்சு எப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டு ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். அப்படித்தான் பழக்கம்.

ஆய்வு என்ன? "எங்க வூட்டுல பூனை கீது" என்று ஒரு பிள்ளை கட்டுரை நோட்டில் எழுதுகிறது. சிவப்பு மை. அடுத்த வாரமும் அப்படியே எழுதுகிறது. மறுபடி சிவப்பு மை. மூன்றாவது வாரம் அந்தப் பிள்ளை எழுதுவதையே நிறுத்திவிடுகிறது.

ஸ்டெல்லா சொல்வது இவ்வளவுதான்: அது பிழை இல்லை, இன்னொரு இலக்கணம். அதற்கும் விதி உண்டு. அந்த விதியையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் எழுத்துத் தமிழ் பயமில்லாமல் வரும். இதைக் காட்டப் பிள்ளைகளின் நோட்டு, தாய்மார்களின் பேச்சுப் பதிவு, கதைகளின் உரையாடல்... எல்லாவற்றையும் வரிவரியாகச் சேர்த்து வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. தவறினால் பதிவு ரத்து. ஆறு வருஷமும் அதோடு சேர்ந்து ரத்து.

ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறினேன். கொளவாய் ஏரி ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பரப்பி வைத்திருந்தது. அள்ளிக்கொள்ளத்தான் நேரமில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடிப்படி ஏறினால் டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, முனைவர் பட்டம் — மூன்றும் ஒரே கம்ப்யூட்டரில். நடத்துகிறவர் கோமதி. ஸ்டெல்லாவைவிடப் பத்து வயது மூத்தவர். வேகமான விரல்கள். அதைவிட வேகமான நல்ல மனசு. சிக்கலே அதுதான்.

"இன்னா சார், கொலைகாரிய பாக்குற மாரி பாக்குற," என்றார் கோமதி. "டீச்சரு எழுதிகிறதுல பக்கத்துக்குப் பக்கம் தப்பா கீது. கீது, கினு, வூடு, இன்னா... டாக்டர் பட்டத்துக்குப் போற புக்கு. அசிங்கமா இருக்காதா? நாந்தான் ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு அல்லாத்தையும் சரி பண்ணேன்."

"கோமதிக்கா, இப்ப நீங்களே 'தப்பா கீது'னுதானே சொன்னீங்க?" என்றார் ஸ்டெல்லா.

"பேசறப்போ சொல்வேன். எழுதறப்போ சொல்வனா? நாலு பேரு படிக்கிறது டீச்சர்."

கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? 'இன்னா' கண்ட இடமெல்லாம் 'என்ன' போடு என்றால் போடும். இன்னாசி என்னசி ஆனார். 'இன்னார்' எல்லாம் 'என்னர்' ஆனார்கள். பழைய பாட்டு ஒன்றில் துன்பம் என்ற பொருளில் நூற்றாண்டுகளாக நின்றிருந்த 'இன்னா'வும் தப்பவில்லை. அதுவும் 'என்ன' என்று விழித்துக்கொண்டு நின்றது.

கம்ப்யூட்டர் தொடாததைக் கோமதி கையால் திருத்தியிருந்தார். பழைய ஃபைல் மேலேயே சேவ் வேறு. திரும்ப ரீப்ளேஸ் போட்டால் ஸ்டெல்லாவின் சொந்த வாக்கியங்களில் இருக்கிற 'என்ன'வும் 'வீடு'ம் மாறிப்போகும். கையெழுத்து நோட்டு ஒன்றுதான் கதி. அதைப் பார்த்து ஒவ்வொரு வரியாக மீட்க வேண்டும்.

நான் பெரிய மனுஷத்தனமாக ஒரு யோசனை சொன்னேன். "அப்பா பேரை மட்டும் சரி பண்ணிட்டுக் குடுத்துடுங்களேன். உள்ளே யார் படிக்கப்போறாங்க?"

ஸ்டெல்லா என்னை நிமிர்ந்து பார்த்தார். "திருத்தாதீங்கனு முந்நூறு பக்கம் எழுதிட்டு, திருத்தினதையே கொண்டுபோய்க் குடுக்கச் சொல்றீங்களா சார்?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஸ்டெல்லா நோட்டைப் பார்த்து வாசிக்க, கோமதி அடிக்க, நான் சரிபார்க்க. முதல் ஒரு மணி நேரம் கோமதி ஒவ்வொரு 'கீது'வுக்கும் முகம் சுளித்தார். பிறகு ஒரு தாய் பேசிய இடம் வந்தது. ஒரு வரியில் "அவரு வந்துகீறாரு". அடுத்த வரியில் "அவரு வந்துகினு கீறாரு". கோமதி இரண்டையும் 'வந்துகொண்டிருக்கிறார்' என்று ஆக்கியிருந்தார்.

"அக்கா, ரெண்டும் ஒண்ணா?" என்றார் ஸ்டெல்லா.

கோமதியின் விரல் நின்றது. "ஒண்ணு எப்படி ஆவும்? வந்துகீறாருன்னா ஆளு வூட்ல கீறாரு. வந்துகினு கீறாருன்னா இன்னும் பஸ்ல கீறாரு." ஸ்கிரீனில் தான் அடித்திருந்ததைப் படித்தார். "அட பேஜாரே. வூடு வந்து சேந்த மன்சன மறுபடி பஸ்ல ஏத்தி வுட்டுட்டனே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த விரல்கள் ஓடிய ஓட்டம்...

வியாழக்கிழமை மத்தியானம் வேறொரு தகராறு. கரையில் வலை காய வைத்த பெண்ணின் பேச்சு. "வலை காஞ்சிகினு கீது" என்று ஸ்டெல்லா நோட்டிலிருந்து வாசித்தார். கோமதி அடிக்கவில்லை.

"எட்த்துகினு போலாம்னு அடுத்த வரில சொல்லுதே. ஈர வலைய எவ எட்த்துகினு போவா? காஞ்சிகீதுன்னு சொல்லிகீணும். நீ தப்பா கேட்டுகிற."

ஸ்டெல்லா போனில் பதிவைப் போட்டார். அலைச் சத்தம், காக்கைச் சத்தம், நடுவில் அந்தக் குரல். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறை ஸ்டெல்லாவே தலையாட்டினார். காஞ்சிகீது.

"கருங்குழில பொறந்தவதான் நானும்," என்றார் மெதுவாக. "இருபது வருஷம் சிவப்புப் பேனா பிடிச்ச காது சார்."

அதற்காக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரவில்லை. அந்த அத்தியாயத்தின் பதிவுகள் அத்தனையையும் முதலிலிருந்து கேட்டுவிடலாம் என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. கேட்டோம். இன்னும் மூன்று இடங்கள் சிக்கின. மூன்றையும் அடித்துத் திருத்தினார்.

நான் ஒன்று யோசித்துக்கொண்டிருந்தேன். நம் பேச்சைத் திருத்த வெளியூரிலிருந்து ஒருவர் வர வேண்டுமா என்ன? நாமே போதும். அதுவும் அன்போடு, அக்கறையோடு, நாலு பேர் சிரித்துவிடக் கூடாதே என்ற பதைப்போடு. கோமதியைச் சொல்ல எனக்கு யோக்கியதை ஏது? இந்தப் பத்தியில் இத்தனை வருஷமாக எத்தனை பேரின் பேச்சுக்கு இஸ்திரி போட்டு உங்களிடம் அனுப்பியிருக்கிறேன்... (இந்த வாரம் போடவில்லை. பார்த்திருப்பீர்கள்.)

வெள்ளிக்கிழமை காலை பைண்டிங். மதியம் மூன்று இருபதுக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஸ்டெல்லா ஐந்து பிரதிகளை மேஜைமேல் வைத்தார். முதல் பக்கத்தில் இன்னாசி, இன்னாசியாகவே இருந்தார். சீல் விழுந்தது. ரசீதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் எனக்குள் இருந்த இஸ்திரிக்காரன் விடவில்லை. "அடுத்து வைவா இருக்கே. வெளியூர்ப் பேராசிரியருங்க முன்னாடி நின்னு கீது, கினுன்னு பேசணும். கூச்சமா இருக்காதா?"

ஸ்டெல்லா பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "வாய்மொழித் தேர்வுனு அவங்கதானே சார் பேரு வச்சாங்க? வாய்ல இன்னா கீதோ, அதான் வரும்."