இரண்டாந்தரம் முளைத்த முடி

புற்றுநோய்ப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போக வழிச்செலவு வேண்டும். அங்கே தாய்மார் தங்க ஓர் இடம் வேண்டும். அதற்காக வருடா வருடம் புத்தளம் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். சின்ன வயதில் அந்த வருத்தம் வந்து தப்பினவள் என்று சொன்னதும் கடைக்காரர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு கை காசு லாச்சிக்குள் போகும். இம்முறை எங்களோடு சேர்ந்த இளசுகள் ஒரு யோசனை சொன்னார்கள். எல்லோருமாக மேடையேறித் தலையை மழிப்போம், பிள்ளைகளுக்கும் தைரியம் வரும், காசும் வந்து கொட்டும் என்றார்கள். நல்ல பிள்ளைகள். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து களப்புத் தண்ணீரோரமாக நடந்தேன். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் காற்று சுழன்றுகொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கும் எனக்கும் பிறவியிலேயே ஒரே கோளாறு.

எனக்கு அந்த வருத்தம் வந்தது சண்டைக் காலத்தில். கொழும்பு பஸ் சோதனைச் சாவடிக்குச் சாவடி நிற்கும். சனம் இறங்கி நடந்து, அப்பால் போய் ஏற வேண்டும். உம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். ஒருமுறை ஓர் ஆமிக்காரன் என் தொப்பியைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே ஒரு மயிரும் இல்லை. சோதிக்க ஒன்றுமில்லாத தலையைக் கண்டு வெட்கப்பட்டவன் அவன்தான். தொப்பியைத் திரும்ப வைத்துக் காதுவரை இழுத்துவிட்டான்.

பிறகு ஒருநாள், இனி இடைக்கிடை வந்து காட்டினால் போதும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். முடி முளைத்தது. பழைய முடி மாதிரி அல்ல. ஆட்டுக்குட்டிக்குப் போலச் சுருண்டு, மெத்தென்று, யாரோ இரவல் தந்த முடி மாதிரி. நான் கண்ணாடியை விட்டு அசையவில்லை. அது காதை மூடி, கழுத்தைத் தொட்டு, தோளுக்கு இறங்கி, ரிபன் கட்டலாம் என்று வந்த நாளில் உம்மா மனதில் வைத்திருந்த தன் நிய்யத்தை வெளியே சொன்னார்.

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் முடியிறக்கி, அந்த முடியின் நிறைக்கு வெள்ளியோ பொன்னோ தருமம் கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் பிழைத்தால் மறுபடி அப்படிச் செய்வதாக உம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நினைத்திருக்கிறார். அப்படியொரு சட்டம் கிதாபில் இல்லையே என்று மௌலவி தயங்கினாராம். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்ன பதில் ஊரில் கொஞ்சக் காலம் உலாவியது.

“ரெண்டாந்தரம் பொறந்த புள்ளைக்கு ரெண்டாந்தரம் முடி எறக்கத்தானே வேணும்.”

தருமம் யாருக்கு என்பதும் முடிவாகியிருந்தது. வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் ஊருக்கு வெளியே தென்னங்கிடுகுக் கொட்டில்களில் இருந்தார்கள். அந்த முகாமில் என் வயதுப் பிள்ளை ஒருத்திக்கு அதே வருத்தம். தகப்பன் இல்லை. தாய் கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. அவளுக்கு இடுப்புக்குக் கீழே விழும் இரட்டைப் பின்னல் என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் அவளைக் காணாமலே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

அழுதேன். அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. என் மாமாவோ இதற்குள் கடைத்தெருவைக் கலக்கிவிட்டிருந்தார். உப்பு லொறிகளுக்கு மூட்டை ஏற்றிவிடும் வேலை அவருக்கு. வாய் மட்டும் தரகருடையது. முடியின் நிறைக்குப் பொன் விலை கொடுப்பதாக நகைக்கடை ஹாஜியார் ஒருவர் ஒப்புக்கொண்டதும், அதையே சொல்லி மற்ற முதலாளிகளையும் வளைத்துவிட்டார். அதன்பிறகுதான் என் தலையை உற்றுப் பார்த்து, இது காற்றைத் தராசில் வைத்த மாதிரி அல்லவா இருக்கும் என்று கவலைப்பட்டார். மறுநாள் என்னை உப்பளத்துக்குக் கூட்டிப்போனார். உப்பு விளையக் காத்திருந்த பாத்தித் தண்ணீரில் என் தலையை முக்கி எடுத்து, வெயிலில் காய வைத்து, மறுபடி முக்கினார். முடி வெள்ளை பூத்து விறைத்தது. நான் கருவாடு மாதிரி வீடு வந்து சேர்ந்தேன்.

ஒஸ்தா வந்து மழித்தார். நகைக்கடையில் முடியைத் தராசில் போட்டபோது தட்டெல்லாம் பொருக்குப் பொருக்காக உப்பு. ஹாஜியார் குனிந்து பார்த்தார். புள்ள பட்ட கஷ்டத்தின் வேர்வை ஹாஜியார் என்றார் மாமா.

“புள்ளட வேர்வையா, உன்ட வேர்வையா?” என்று ஹாஜியார் கேட்டார்.

கடை சிரித்தது. சிரித்தபடியே எல்லோரும் கொடுத்தார்கள்.

அந்தக் காசை வாங்கத்தான் முகாம் பிள்ளையும் தாயும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உம்மா என்னை முன்னால் தள்ளி நிறுத்தினார். அந்த வருத்தம் வந்து சுகமான பிள்ளை ஊருக்குள் இருக்கிறாள், கொட்டின முடி அவளுக்குத் தோள்வரை வளர்ந்திருக்கிறது, வந்து பார் என்று சொல்லித்தான் தாய் அவளைக் கூட்டி வந்திருக்கிறாள். வந்து பார்த்தாள். கத்தி பட்ட கீறலோடு, முட்டை மாதிரி நின்றேன். அவள் இரண்டு பின்னலையும் முன்னால் இழுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். பிறகு ஓடினாள். காசு மேசையில் இருந்தது. கொழும்புக்குப் போகத்தான் ஆள் இல்லை.

தாய் அடித்துப் பார்த்தாளாம், காலைப் பிடித்துப் பார்த்தாளாம். அவள் கொட்டில் கம்பைக் கட்டிக்கொண்டு நின்றாளாம். அதைக் கேட்ட உம்மா திண்ணைக் குந்தில் உட்கார்ந்துவிட்டார்.

“காட்ட இருந்த ஒண்டையும் செரைச்சு வித்துட்டனே தம்பி,” என்று மாமாவிடம் சொன்னார்.

பேசிப் பார்க்க என்னை முகாமுக்கு அனுப்பினார்கள். அவள் என் தலையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“இது கொட்டினதா, செரைச்சதா?”

“செரைச்சது. முந்தி கொட்டினது. நடுவுல முளைச்சது.”

“நடுவில முளைச்சதை ஆர் கண்டது?”

ஊரே கண்டது என்றேன். அது உங்கட ஊர்தானே என்றாள். அப்புறம் கையை நீட்டி என் உச்சியைத் தடவினாள்.

“முளைக்கட்டும். என்ட கண்ணால கண்டாப் போறன்.”

அன்றிலிருந்து இரண்டு வீட்டுத் தாய்மாரும் வானம் பார்த்த பூமிக்காரர் மாதிரி என் தலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். உம்மா விடியலில் தேங்காயெண்ணெய் தேய்ப்பார். அவளுடைய தாய் தோட்டத்து வெங்காயத்தை முந்தானையில் முடிந்து வந்து, நசுக்கி, சாற்றை அழுந்த அழுந்தப் பூசுவாள். இடையிடையே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வெங்காயம் கண்ணை எரிப்பதாக நினைத்துக்கொண்டேன். நான் நாறினேன். ஆனாலும் எனக்குச் சந்தோஷம். குர்ஆன் ஓதிவிட்டு அந்தப் பிள்ளை பின்னேரம் தோறும் வந்தாள். தடவிப் பார்த்து, இன்னும் இல்லை என்பாள். பிறகு மணலில் விளையாடுவோம். முதலில் என்னை ஓடிப் பிடித்தவள் பிறகு ஓடவே மாட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடித்துவிட்டதாகச் சொல்லுவாள். கெண்டைக்காலில் நீலம் பாய்ந்திருக்கும். எங்கேயோ இடித்துக்கொண்டாள், சரியான சோம்பேறி என்று எண்ணினேன். முடி மெதுவாக வரட்டும், அவள் தினமும் வரட்டும் என்று துஆவும் கேட்டேன்.

ஒருநாள் விரலால் கிள்ளிப் பிடிக்கும் அளவுக்கு வந்திருந்தது. அவள் கிள்ளி இழுத்தாள். நான் கத்தினேன்.

“நோகுதா?”

“நோகுது.”

“அப்ப வேர் இருக்கு. போறன்.”

மாமாதான் அவளைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார். பின்னல்கள் இரண்டும் யன்னலுக்கு வெளியே பறந்துகொண்டு போயின. காத்திருந்த அந்த நாட்கள் எதையாவது மாற்றியிருக்குமா என்று பெரியவளான பிறகு ஒரு டொக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். வேறொருவரிடம் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். இன்னும் கேட்டுக்கொண்டுதான் திரிகிறேன்.

மழை தொடங்கிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை உம்மாவும் மாமாவும் முகாமுக்குப் போய் வந்தார்கள். அங்கே யாசீன் ஓதினார்களாம். யாசீன் சாவுக்கும் ஓதுவார்கள், நோய்க்கும் ஓதுவார்கள், எதற்கெல்லாமோ ஓதுவார்கள். மாமா ஒரு பகிடியும் விடாமல் கிணற்றடியில் கால் கழுவினார். உம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேய்த்த இடத்திலேயே எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் எப்போது வருவாள் என்று கேட்டேன்.

“அவ அங்கயே நிண்டுட்டா மகள்.”

எனக்குக் கோபம் வந்தது. கொழும்பில் பெரிய கண்ணாடி வைத்த வீடொன்றில், முழங்கால்வரை முடி வளர்த்துக்கொண்டு, என்னை மறந்து இருக்கிறாள் என்று நினைத்தேன். அதன்பிறகு என் முடியில் கத்தரி வைக்க யாரையும் விடவில்லை. அவளுடையதைவிட நீளமாக வளர்த்து, அவள் திரும்பி வரும் நாளில் முகத்தைக் காட்டாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதென்று முடிவு செய்திருந்தேன்.