சரக்குக்கு நான் தெரிந்தெடுத்த மஞ்சள்

கடையில் அரைத்து விற்கும் எதையும் நான் நம்புவதில்லை. அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த காலத்தில் வாங்கிய தூள் ஒன்று என் நகங்களில் நான்கு நாள் ஒட்டிக் கிடந்தது. கறியில் மணமே இல்லை. அரிசி மாவும் சாயமும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அதன்பிறகு யார் தூள் தந்தாலும் முதலில் ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்துப் பார்ப்பேன். "நீ சுங்கத்தில வேலைக்குப் போயிருக்கலாம்" என்று என் கணவர் சிரிப்பார்.

சென்ற ஆண்டு மகளுக்கு முதல் குழந்தை பிறந்தது. அவளைத் தன்னாமுனையில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்த நாளிலிருந்து வாட்சப்பில் குரல் செய்திகள் குவிந்தன. மஞ்சள் சாப்பிட்டால் பால் ஊறும், கருப்பை சுத்தமாகும், புற்றுநோய் கிட்டவும் வராது. சொல்கிறவர் யாரென்று தெரியாது, பின்னால் வீணை மட்டும் ஒலிக்கும். எல்லாவற்றையும் அழித்தேன். ஆனால் பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மஞ்சள், மிளகு, மல்லி, நற்சீரகம், உள்ளி எல்லாம் சேர்த்து மீனோடு காய்ச்சும் கறி அது. என் பிள்ளைப்பேற்றுப் புண் ஆறியது அதனால்தான் என்று இன்றும் நினைக்கிறேன். யாரும் சோதித்துச் சொன்னதல்ல.

கணவரின் தங்கை கதிரவெளியிலிருந்து பிள்ளை பார்க்க வந்தாள். ஒரு பை நிறைய மஞ்சள் கொண்டுவந்திருந்தாள். மண் நிறம், சுருங்கல், சில துண்டுகளில் வேர்கூட இருந்தது.

"இது எங்க வாங்கின மஞ்சள் மச்சாள்?"

"வாங்கல்லகா. எங்கட வளவுக்க கிண்டினது. நான்தான் அவிச்சுக் காயப்போட்டன்."

"நிறமே இல்லையே. பழசோ?"

அவள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டாள். அவள் போனதும் பையைக் குப்பைக் கிடங்கில் கொட்டினேன்.

முழு மஞ்சளில் யாராலும் கலப்படம் செய்ய முடியாது என்பது என் எண்ணம். பட்டணத்துக் கடை ஒன்றில் சாக்குக்குள் கைவிட்டு, கலியாணத் தட்டுக்கு எடுப்பதுபோல ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். முறியாதது, பருத்தது, பளிச்சென்று மஞ்சளாய் இருப்பது. நல்ல காரியத்துக்கு மங்கிய மஞ்சளை எங்கள் பெண்கள் யாரும் தொடமாட்டார்கள். வெயிலில் போட்டு, மில்லில் நானே நின்று அரைப்பித்தேன். அந்தத் தூளை மட்டும் கிளாஸில் போட்டுப் பார்க்கவில்லை. பதினொரு நாள் மகள் அதைச் சாப்பிட்டாள்.

குழந்தையை நிறுக்க மிட்வைஃப் மிஸ் வந்தபோது பெருமையோடு மிச்ச மஞ்சளை நான்தான் எடுத்துக் காட்டினேன். அவர் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். கை முழுக்கப் பளீரென்று தூள் உதிர்ந்தது.

"முழு மஞ்சளுக்கும் மேல நிறம் தடவுவாங்க அம்மா, பளபளப்புக்கு. சில நிறத்தில ஈயம் இருக்கும். தாய் சாப்பிட்டா பாலுக்கையும் கொஞ்சம் போகும்."

"இதில இருக்கா மிஸ்?"

"கண்ணால பார்த்துச் சொல்ல ஏலாது. இதை நிப்பாட்டுங்க. பால் குடுக்கிறதை நிப்பாட்ட வேணாம்."

மகள் கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கே குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். எடை கூடுகிறது, நன்றாகக் குடிக்கிறது, கொஞ்ச நாள்தானே, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். அவர் சொன்னதையும் நான் நம்பவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. திட்டுவதற்கு ஆள் தேடினால் நான்தான் நின்றேன்.

மறுநாள் மத்தியானம் மஞ்சளே போடாமல் மீனை வெள்ளையாகக் காய்ச்சி மகளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். அவள் குழந்தையை மடியில் வைத்தபடி தட்டையே பார்த்தாள்.

"என்னென்ன போட்டீங்க அம்மா?"

தேங்காய்ப்பால், வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு என்று சொன்னேன். அவள் சோற்றில் கைவைக்கவில்லை. தகப்பனின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, வேற ஒண்டும் போடல்லதானே?"

"இல்ல மகள். நான் பக்கத்திலதான் நிண்டன்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

சமையல் முடியும்வரை அவர் அடுப்படியில் நின்றது தேங்காய் துருவித் தரத்தான் என்று நான் நினைத்திருந்தேன்.