லேபுக்குப் போகாத டப்பா

முகூர்த்தப் பட்டு ரவிக்கை ஒன்றில் என் நெற்றி வியர்வை சொட்டிக் கறையாகிப் போன அன்றுதான், இனி டாக்டரைப் பார்க்காமல் முடியாது என்று எனக்கு உறைத்தது. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. இருபது வருஷமாகப் பெண்களுக்கு மட்டும்தான் தைக்கிறேன். அதுவரை ஒரு துணியைப் பாழாக்கினேன் என்று யாரும் சொன்னதில்லை. அன்று கல்யாணப் பெண்ணின் அம்மா கறையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய நான், "பட்டுன்னு சொல்லி இந்தக் கந்தலை எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று அவளையே ஏசினேன். வாய் ஏசிக்கொண்டிருக்க, உள்ளே ஒருத்தி 'நிறுத்துடி, நிறுத்துடி' என்று கதறிக்கொண்டிருந்தாள். வாய் நிற்கவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, என் நாற்பத்தொன்றாவது வயதில், கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். கட்டி இருந்தது. மாதத்தில் இருபது நாள் ரத்தப்போக்கு. ஊரிலேயே ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷன் நடந்தது. ரத்தம் நின்றது, சனியன் விட்டது என்று நினைத்தேன். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிட்டது. பத்தே நாளில் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் காது மடல் வரை ஏறியது. அது ஒரு நாளைக்குப் பத்து தடவை, பதினைந்து தடவை வந்தது. தூக்கம் என்பதே போய்விட்டது. முப்பத்தாறு என்று நோட்டில் எழுதிவிட்டு முப்பத்திரண்டுக்கு வெட்டினேன். தெரிந்த வாடிக்கைக்காரியின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வராது. வீட்டுக்காரர் கை பட்டாலே உடம்பு எரிந்தது. அவரும் கொஞ்ச நாளில் தள்ளிப் படுக்கப் பழகிக்கொண்டார்.

என் கடைக்கு அளவு கொடுக்க வரும் பெண்களில் பலரும் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்தான். இடுப்பில் டேப்பைச் சுற்றும்போதே தழும்பைக் காட்டிப் பேசுவார்கள். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை. செத்துத் தொலையலாம் போலிருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. திருமழபாடி கோயிலுக்குப் போன ஒரு நாள், சாமி கும்பிடாமல் கொள்ளிடக் கரையில் போய் வெகுநேரம் நின்றேன். ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர் ஓடியது. அதையும் திட்டிவிட்டுத்தான் வந்தேன்.

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து துணி தைக்கக் கொடுக்க வரும், நான் லாத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்கா ஒருவர்தான் அரியலூர் டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் இதே பாடுதானாம், இப்போது பரவாயில்லையாம். ரவிக்கை விவகாரத்துக்கு மறுநாளே கிளம்பினேன். வீட்டுக்காரர் தன் மோட்டார் காயில் கட்டும் கடையைப் பூட்டிவிட்டு, ஆஸ்பத்திரி காகிதங்கள் கிடந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போக, வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டேன். எதற்கு என்று இப்போது ஞாபகமில்லை.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முழுதாகக் கேட்டார். நான் சொன்னதை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மற்றவர்களுக்கு வருஷக்கணக்கில் மெல்லமெல்லக் குறைகிற ஹார்மோன் எனக்கு ஒரே நாளில் நின்றுவிட்டது, அதை மாத்திரையாகக் கொடுத்து ஈடுகட்டலாம், சூடும் அடங்கும், தூக்கமும் வரும் என்றார். அவர் காலில் விழுந்துவிடலாம் போல எனக்குக் கண்ணீர் வந்தது. பிறகு அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். குடும்பத்தில் யாருக்காவது மார்பில் புற்றுநோய் வந்ததா?

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாதுதான், ஆனால் எங்களுக்கு வெந்திருந்தது. என் கூடப் பிறந்த அக்காவுக்கு வந்தது. வலது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் பஞ்சு வைத்து அவளுக்கு நான்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். அவள் இரண்டைத்தான் உடுத்தினாள்.

அதைக் கேட்டதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அதனாலேயே கொடுக்கக் கூடாது என்றில்லை, ஆனால் இந்த மாத்திரை அந்த நோயைத் தூண்டிவிடலாம், பார்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார். மஞ்சள் பையிலிருந்த ஆங்கிலக் காகிதத்தைப் படித்தவர், "ரெண்டு சினைப்பையையும் சேத்து எடுத்துருக்காங்க, தெரியுமாம்மா?" என்றார். எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த பயாப்சி ரிப்போர்ட் இதில் இல்லை, அதைக் கொண்டு வந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

நான் தனியாகவே நர்சிங் ஹோமுக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸம்மா பழைய நோட்டைத் தேடி எடுத்தார். அவர்களிடம் லேப் கிடையாது. எடுத்ததை மருந்துத் தண்ணீரில் போட்டு, மூடி, சீட்டோடு வீட்டு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம். அவர்கள்தான் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து இருந்தது. கோணலான தமிழில் என் வீட்டுக்காரர் பெயர். அவர்கள் சொன்ன லேபில் போய்க் கேட்டால், அந்தப் பெயரில் எதுவும் வரவே இல்லை என்றார்கள்.

அவரைக் கடைக்கு வரச் சொன்னேன். வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

"டப்பாவ என்ன பண்ணீங்க?"

மேஜையில் கிடந்த நூல்கண்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "பொதச்சுட்டேன்," என்றார்.

வேப்பந்தட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு மக்காச்சோளக் கொல்லை உண்டு. அதன் வரப்போரத்தில் குழி தோண்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்திப் புதைத்தாராம். "நம்ம புள்ள பத்து மாசம் இருந்த எடம். அதப் போயி வெட்டிக் கூறு போடக் குடுக்க மனசு வரல," என்றார். ஒரு நிமிஷம் நெஞ்சு இளகிவிட்டது, பொய் சொல்வானேன். இத்தனை வருஷத்தில் என் உடம்புக்கு அவர் செய்த ஒரே மரியாதை அதுதான். ஆனால் இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குப் புருஷன் முகம் தெரியாதா? அவர் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், பொய் சொல்லாத," என்றேன். அதுவரை அவரை நான் யோவ் என்றதில்லை.

அவர் தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பொதச்சது நெசந்தான். ஆனா உங்கக்காவுக்கு டப்பாவ நாந்தான கொண்டு போனேன். ரிசல்ட்டையும் நாந்தான் வாங்கியாந்தேன். அந்தக் கவர எடுத்துக்கிட்டு வூட்டுக்குள்ள எப்படி வந்தேன்னு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவ என்னால முடியாதும்மா," என்றார்.

சினைப்பையும் அப்படித்தான் போயிருக்கிறது. ஆபரேஷன் நடக்கும்போதே வெளியே வந்து கேட்டிருக்கிறார்கள், அதையும் எடுத்துவிட்டால் பின்னால் அதில் புற்று வராது என்று. அக்காவைப் பார்த்திருந்த மனுஷன், புற்று வராமல் இருந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. கையிலிருந்த மர ஸ்கேலால் மேஜையில் ஓங்கி அடித்தேன். அது இரண்டாக உடைந்தது. அடப்பாவி மனுஷா, பயந்தது நீ, வெந்து சாகிறது நானா என்று கத்தினேன். அவர் அழுதார். அக்கா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அவரைக் கொல்லவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் ஷட்டரை ஏற்றிவிட்டு, பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தேன்.

மறுபடி அரியலூர். டாக்டரம்மா திட்டவில்லை, பெருமூச்சு விட்டார். வயிற்றுக்கு ஸ்கேன், மார்புக்கு ஒரு படம், ரத்தம் எல்லாம் எடுக்கச் சொன்னார். மார்பைப் படமெடுக்க இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பி வந்தேன். மூன்றாம் தடவைதான் போனேன். கவரைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்கத் துணி அலமாரியில் வைத்திருந்தேன். அப்போதுதான் வீட்டுக்காரர் மேலிருந்த கோபம் பாதி இறங்கியது.

எல்லாம் நல்லபடியாக இருந்தது. ஆனால் டாக்டரம்மா அளந்துதான் பேசினார். "அதுல ஏதாவது இருந்துருந்தா இந்த ரெண்டு வருஷத்துல காட்டியிருக்கும்மா. ஆனா ரிப்போர்ட் இல்லாம, இல்லவே இல்லன்னு நான் சொல்ல முடியாது." மாத்திரை போடாவிட்டால் இந்த வயதிலேயே எலும்பும் இதயமும் கெடும், இப்போது படும் பாடும் எத்தனை வருஷம் நீளும் என்று தெரியாது. போட்டால், அக்காவின் கூடப் பிறந்தவள் நான். யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பதினைந்து நாள் யோசித்தேன். காலையில் போடலாம் என்பேன், சாயங்காலம் வேண்டாம் என்பேன். குளிக்கும்போதெல்லாம் மார்பை அழுத்திப் பார்ப்பேன். இல்லாத கட்டியெல்லாம் விரலில் தட்டுப்படும். வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம் என்றார். "நீ கத்து, நான் வாங்கிக்கிறேன். சோறு நான் ஆக்குறேன். நீ இருந்தாப் போதும்," என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் நான் இருப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அப்போது இருக்கவே இல்லை. கத்தரிக்கோல் பிடிக்கிற கை ஒன்று நடமாடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தோம். ரிப்போர்ட் இல்லை என்று தெரிந்தேதான் ஆரம்பிக்கிறோம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடக் காகிதத்தைத் தள்ளினார். ஆஸ்பத்திரி காகிதம் என்றாலே கையெழுத்துப் போட்டுப் பழகிய வீட்டுக்காரர் தன்னையறியாமல் பேனாவை எடுத்துவிட்டார். அவர் கையிலிருந்து அதை வாங்கினேன். வாங்கிவிட்டேனே ஒழிய, என்னால் போட முடியவில்லை.

"நீங்களா இருந்தா இந்த மாத்திரையப் போடுவீங்களா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"நான் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேம்மா, மூணு வருஷமா," என்றார். நான் நிமிர்ந்தேன். அவர் என்னை நேராகப் பார்த்து, "ஆனா எங்கக்கா உசுரோட இருக்காங்க," என்றார்.

பொய் சொல்லித் தேற்றியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டு, "வேணாம்மா," என்றார், மிகவும் மெதுவாக. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்காவுக்கு வந்தது எனக்கும் வரும் என்ற பயம் அப்படியேதான் இருந்தது. அது வருவதற்குள் கொஞ்ச நாளாவது நான் நானாக இருந்துவிட வேண்டும் என்றுதான் போட்டேன்.