எடெல்மிராவின் கிண்ணம்

வலது கை முழங்கைவரை சட்டிக்குள் இருக்கும்போதே எடெல்மிரா தப்பூய் வந்தவரை விசாரித்துவிடுவாள்.

"எந்த ஆத்தங்கரைக்காரங்க நீங்க?"

ஊரைக் கேட்கமாட்டாள். பதில் வருவதற்குள் மரவள்ளிக் கிழங்கை மென்று துப்பிப் புளிக்கவைத்த சிச்சாவைக் கலக்கி, நாரை விரலால் வழித்து எறிந்து, கிண்ணத்தை நீட்டியிருப்பாள். "மொதல்ல குடி. வழக்கு எங்கயும் ஓடிப்போகாது."

தங்கம் தோண்டும் கம்பெனியின் இயந்திரங்கள் ஏறிவராதபடி நாங்கள் மறித்திருக்கும் பாலத்தருகே, தகரக் கூரையின் கீழ் அவள் இடம். எங்களோடு காவல் இருக்கத் தெற்கிலிருந்து ஷுவார் பழங்குடி மக்கள் வருகிறார்கள். தலைநகர் கீத்தோவிலிருந்து மாணவர்களும் வக்கீல்களும். எல்லோருக்கும் ஒரே கிண்ணம். அவளே ஆமையோட்டுக் கோடுகள் தீட்டிச் சுட்டது. அவள் காலில் ரப்பர் பூட்ஸ். வலது கறுப்பு, இடது பச்சை. ஜோடிகள் ஆற்றோடு போய்விட்டனவாம். கிழங்கை மென்று மென்று முன்பல் தேய்ந்துவிட்டதா என்றால், "கடவாப்பல்லுதான் வேலை பாக்குது. முன்பல்லு சும்மா அழகுக்கு" என்பாள்.

கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்பாள். பெண் கேட்டு வந்தவரும் சரி, சண்டை தீர்க்க வந்தவரும் சரி, கிண்ணம் காலியான பிறகுதான் எங்களிடம் பேச்சைத் தொடங்கலாம். குடிக்காவிட்டால் பேச்சு இல்லை. மிச்சத்தைக் குடிக்காதவர் தலையில் கவிழ்க்கவும் அவளுக்கு உரிமை உண்டு. ஒரு மாணவனுக்கு அது நடந்தது. "முடி நல்லா வளரும் தம்பி" என்று துண்டையும் அவளே கொடுத்தாள்.

போன வருஷம் கம்பெனி இன்ஜினியர் வந்தபோது அவருக்கும் நீட்டினாள். கூட வந்தவர் படம் எடுத்தார். இப்போது அந்தப் படம் நகரத்துப் பேருந்து நிலையத்தில் வீட்டளவு பெரிதாக நிற்கிறது. கீழே, 'ஊர் மக்களின் முழுச் சம்மதத்துடன்.' நீதிமன்றத்திலும் அதைத்தான் சாட்சியாகக் கொடுத்திருக்கிறார்கள். நீதிபதி அதை நம்பினால் பாலத்தைத் திறந்துவிட வேண்டியதுதான்.

"ஊருக்கெல்லாம் ஊத்திக்கொடுத்தவ, ஆத்தையும் சேத்து ஊத்திக்கொடுத்துட்டா" என்றாள் அவள் நாத்தனார் ரொசேந்தா, துவைக்கும் கல்லருகே.

"ஒன் கல்யாணத்துக்கும் நான்தான் ஊத்தினேன். அதுவும் தப்புதான் போல."

சொல்லிவிட்டாள். ஆனால் அன்று முழுக்க வந்தவர் யாரிடமும் எந்த ஆறு என்று கேட்கவில்லை.

நீதிபதி நேரில் பார்க்க வருகிறார் என்றதும் ஊர்த் தலைவர் ரெமிஹியோ வந்து நின்றார்.

"அத்தை, அன்னைக்கு மட்டும் வீட்டுல இருங்க. அந்த இன்ஜினியரும் வர்றான். திரும்பப் படம் எடுப்பாங்க."

"வந்தவன் தொண்டையக் காயப்போடச் சொல்றியா?"

"கொடுத்தா மாட்டிக்குவோம்."

"அவன் அன்னைக்குக் குடிச்சானாடா?"

"படத்துல கிண்ணம் அவன் கையில இருக்கே அத்தை."

"வாங்கினான், இளிச்சான், படம் முடிஞ்சதும் வாழைத் தூர்ல ஊத்தினான். புது ஆளாச்சேன்னு விட்டேன். தலையில கவுத்திருக்கணும். அதான் நான் பண்ண தப்பு."

நேற்று நீதிபதியம்மா வந்தார். குடித்து முடித்து, மேலுதட்டு வெள்ளையைத் துடைத்துக்கொண்டார். அடுத்து இன்ஜினியர். கேமராக்கள் நெருங்கின. ரெமிஹியோ கண்ணை மூடிக்கொண்டார். எடெல்மிரா கலக்கி நீட்டினாள். இன்ஜினியர் வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"படம் ஆச்சா தம்பி? இப்ப குடி."

"வயிறு சரியில்லம்மா."

"அன்னைக்கும் நீ குடிக்கல. வாழைதான் குடிச்சுது. சம்மதமும் அதுகிட்டதான் வாங்கியிருக்க, எங்ககிட்ட இல்ல."

முதலில் சிரித்தது ரொசேந்தா. நீதிபதி சிரிக்கவில்லை. "இவங்க சொல்றது நிஜமா?" என்று இன்ஜினியரைக் கேட்டார். அவர் விளிம்புவரை நிறைந்திருந்த கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்.

எடெல்மிரா ஈரக் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் எதிரிலேயே நின்றாள்.